பைண்ட் ரிசால்வரில் கீட்ராப் ஓட்டையை அடைப்பது: தென்காசிப் பக்க நெட் ஆபரேட்டருக்கு ஒரு விரிவான பதில்

அண்ணாச்சி கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடையநல்லூர்ப் பக்கம் கேபிள் வழியாக வீடுகளுக்கு நெட் கொடுக்கிறார். உபுண்டு 22.04 போட்ட ஒரே சர்வரில் பைண்ட் ஓடுகிறது; தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் ரிசால்வர் மென்பொருள் அது. மேல் இணைப்பு தருகிறவர்கள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கையில், "சிவிஇ-2023-50387 இருக்கிறது, 9.18.24-க்கு மாறவும்" என்று வந்திருக்கிறது; கீட்ராப் என்ற ஓட்டையின் பதிவு எண் அது. சர்வரிலோ 9.18.18 என்றுதான் காட்டுகிறது. சோர்ஸ் எடுத்துக் கம்பைல் செய்ய வேண்டுமா, டிஎன்எஸ்செக்கை (டிஎன்எஸ் பதில் போலியா என்று கையெழுத்தால் சரிபார்க்கும் முறை) அணைத்துவிட்டால் போதாதா, வேலை நடக்கும்போது சந்தாதாரர்களுக்கு நெட் நின்றுபோகுமா என்று மூன்று சந்தேகம்.

கம்பைல் வேண்டாம். டிஎன்எஸ்செக்கை அணைக்கவும் வேண்டாம். விடிகாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும். ஆனால் பேக்கேஜ் ஏறியது என்று பார்த்ததோடு எழுந்துவிடக் கூடாது. மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் நேம்ட் (பைண்டின் சர்வர் புரோகிராம்) புதியதுதானா என்று பார்க்கும்வரை ஓட்டை அடைபடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. டிஎன்எஸ்செக்கில் சேர்ந்த ஒவ்வொரு டொமைனும் தன் பதிலுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. எந்தச் சாவியால் போட்ட கையெழுத்து என்று காட்ட அதில் ஒரு சாவி எண் இருக்கும். டிஎன்எஸ்ஸின் உச்சியான ரூட் ஸோனில் 2018 அக்டோபரில் புழக்கத்துக்கு வந்த பெரிய சாவியின் எண் 20326. இந்த எண் 16 பிட்தான், 0 முதல் 65535 வரை. சாவியின் பைட்டுகளைக் கூட்டிக் கழித்து எடுக்கும் ஒரு சாதாரணக் கூட்டுத்தொகை அது. ஆகவே வேறு வேறு சாவிகளுக்கு ஒரே எண் அமையலாம். அப்படி அமைந்தால் ரிசால்வர் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்க்க வேண்டும், கையெழுத்து பல இருந்தால் ஒன்றாவது பொருந்துகிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல எண்ணத்தில் எழுதிய விதிதான். லாட்ஜ் வாட்ச்மேன் கையில் ஒரே எண் எழுதிய 300 சாவியையும், ஒன்றுக்கும் திறக்காத 300 பூட்டையும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? 90,000 தடவை திருகிப் பார்ப்பார். டிஎன்எஸ் பதில் ஒன்று 65,535 பைட் வரை போகலாம். எலிப்டிக் கர்வ் சாவியும் கையெழுத்தும் நூறு பைட்டை ஒட்டியே முடிந்துவிடுவதால் நூற்றுக்கணக்கில் அடைத்துவிடலாம். ஒவ்வொரு சோதனையும் சிபியுவைத் தின்னும் கணக்கு. ஜெர்மனியின் ஏதீன் ஆய்வு மையத்தார் இதைக் கண்டுபிடித்துக் கீட்ராப் என்று பெயர் வைத்தார்கள். 2024 பிப்ரவரி 13 அன்று பேட்சுகளோடு வெளியே வந்தது. ஒரே ஒரு பதிலை வைத்து ஒரு ரிசால்வரை 16 மணி நேரம் வரை திணறவைக்க முடிந்தது என்று காட்டினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, தாக்குகிறவனுக்குப் பெரிய கூட்டம் தேவையில்லை என்பது. போக்குவரத்தை ஆயிரம் மடங்கு கூட்டித் தாக்கும் வகையாக இருந்தால் மேல் இணைப்புக்காரரிடம் சொல்லி வடிகட்டலாம். இதில் வடிகட்ட ஒன்றும் இல்லை. அவன் ஒரு டொமைனை வாங்கி இப்படிப்பட்ட பதிலை அதில் வைத்துவிட்டு, உங்கள் ரிசால்வர் அதைக் கேட்கும்படி செய்தால் போதும். உங்கள் சந்தாதாரர் ஒருவர் செல்போனில் வந்த இணைப்பைத் தொட்டாலும் கேள்வி போய்விடும். ஆகையால் "எங்கள் ரிசால்வர் வெளியாருக்குப் பதில் சொல்லாது, நாங்கள் பத்திரம்" என்பது பாதி உண்மைதான். 'அலோ-ரிகர்ஷன்' வரியில் உங்கள் ஐபி வரம்பை மட்டும் வைத்திருப்பது மிகவும் அவசியம். பிறரைத் தாக்க உங்கள் சர்வரைக் கருவியாக்குவதை அது தடுக்கும். கீட்ராப்பை அது தடுக்காது.

தாக்குதல் நடக்கும்போது வெளியே தெரிவது வேறு மாதிரி இருக்கும். நேம்ட் விழாது. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' போட்டால் பச்சையாக ஓடுகிறது என்றே காட்டும். ஆகவே யூனிட் ஃபைலில் 'விழுந்தால் ரீஸ்டார்ட் செய்' என்று எழுதி வைத்திருப்பதால் பயனில்லை. பைண்டில் வேலை பல த்ரெட்டுகளுக்குப் பிரிந்து போகிறது. மாட்டிக்கொண்ட த்ரெட்டுக்குப் போகும் கேள்விகள் பதிலின்றிக் கிடக்கும், மற்றவை ஓடும். அதனால் முழு ஊரும் ஒரேயடியாக நிற்காமல், "யூடியூப் வருது, பேங்க் ஆப் வரல" என்கிற மாதிரிப் புகார்கள் வரும். அதைப் பார்த்து ஃபைபரையும் ஓஎல்டியையும் (ஃபைபர் லைன்கள் வந்து சேரும் பெட்டி) சந்தேகப்பட்டு ஆளைக் கம்பத்தில் ஏற்றுவது வீண் வேலை. சர்வரில் 'டாப்' போட்டு, பெரிய எழுத்து ஹெச் அழுத்தி, த்ரெட் வாரியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு த்ரெட் 100 சதவீதத்தில் அசையாமல் நின்று, உள்ளே வரும் கேள்விகளின் எண்ணிக்கை வழக்கம்போலவே இருந்தால் இந்த வகைத் திணறலாக இருக்கலாம்.

இனி வெர்ஷன் எண். பைண்டை எழுதும் ஐஎஸ்சி நிறுவனம் திருத்தத்தை 9.16.48, 9.18.24, 9.19.21 ஆகியவற்றில் தந்தது. உபுண்டு, டெபியன் போன்றவை பெரும்பாலும் வெர்ஷனை ஏற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய வெர்ஷனுக்குள் கொண்டுவந்து தைப்பார்கள். உபுண்டு 22.04-இல் அந்தப் பிப்ரவரியில் வந்த திருத்தம் 9.18.18 என்ற எண்ணிலேயே இருந்தது; வால் பகுதி மட்டும் மாறி '0உபுண்டு0.22.04.2' ஆயிற்று. ஸ்கேன் கருவி பெரும்பாலும் டிஎன்எஸ் வழியாக வெர்ஷனைக் கேட்டு முன்பகுதி எண்ணை மட்டும் ஒப்பிடும். ஆகவே பேட்ச் இருந்தும் 'ஓட்டை' என்று சொல்லலாம். இதற்காக ஆப்ஷனில் வெர்ஷனை 'நன்' (எதுவும் இல்லை) என்று மறைத்து அறிக்கையைச் சுத்தமாக்குகிறவர்கள் உண்டு. மறைத்தால் அறிக்கை மௌனமாகும், ஓட்டை அப்படியே இருக்கும்.

ஆனால் அண்ணாச்சியின் சர்வரில் நான் கவலைப்படுவது வேறு. 2024 ஜூலையில் வேறு நான்கு ஓட்டைகளுக்குத் திருத்தம் வந்தபோது உபுண்டு 22.04 பைண்டை 9.18.28-க்கே ஏற்றிவிட்டது. இன்னும் 9.18.18 என்று காட்டுகிறது என்றால், வால் எதுவாக இருந்தாலும், அந்த மெஷினுக்கு நெடுநாளாக அப்டேட் வரவில்லை. காரணத்தை முதலில் தேடுங்கள். உபுண்டுவில் பேக்கேஜ் ஏற்றும் கருவி ஆப்ட். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' போட்டால் யாராவது பைண்டை ஒரு சமயம் பூட்டி வைத்திருப்பது தெரியும். அப்படி இருந்தால் 'ஆப்ட் அப்கிரேட்' எந்தப் பிழையும் காட்டாமல் தாண்டிப் போய்விடும். 'கெப்ட் பேக்' என்று ஒரு வரி வரும், அதை யாரும் படிப்பதில்லை. அடுத்தது, ஆப்ட்டின் சோர்ஸ் பட்டியலில் 'ஜாமி-செக்யூரிட்டி' வரி (ஜாமி என்பது 22.04-இன் பெயர்) இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி மிரரையோ (பேக்கேஜ்களின் நகல் கிடங்கு) வேறு உள்ளூர் மிரரையோ போட்டவர்கள் அந்த வரியைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். மூன்றாவது, 'ஆப்ட்-கேச் பாலிசி பைண்ட்9'. நிறுவியது எது, கிடைக்கக்கூடியது எது என்று இரண்டு வரியில் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தும் எண் பழையதாக இருந்தால் கோளாறு மிரரில்.

இன்னொரு வகை உண்டு: முன்பு வேலை செய்தவர் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் வைத்திருப்பார். ஆப்ட் தன் பைண்டை அழகாக அப்டேட் செய்யும், ஓடுவது அதுவல்ல. 'விச் நேம்ட்' போடுவதைவிட, ஓடும் ப்ராசஸின் எண்ணை எடுத்து, ப்ராக் டைரக்டரியில் அதன் 'எக்ஸ்இ' எங்கே சுட்டுகிறது என்று பார்ப்பதே நிச்சயம். கம்பைல் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். இன்று நீங்கள் கம்பைல் செய்தால் அடுத்த திருத்தத்துக்கும் நீங்களே உட்கார வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் செய்ய ஆள் இருக்காது.

வேலைக்கு நேரம் குறிப்பதில் நம் பக்கத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. ராத்திரி 12 மணி என்றால் பாதுகாப்பு என்று பொதுவாக நினைப்பார்கள். கடையநல்லூர், மேலப்பாளையம் மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். நமக்கு 12 என்றால் துபாயில் பத்தரை, சவூதியில் ஒன்பதரை. ஷிப்ட் முடிந்து வீட்டாரோடு வீடியோவில் பேசும் நேரம் அதுதான். 3 மணிக்கு மேல் 4.30-க்குள் செய்யுங்கள், நோன்பு மாதத்தில் அந்த நேரமும் ஆகாது, சஹர் முடிந்து சுபுஹு தொழுகைக்கும் பிறகு வையுங்கள்.

ஒரே சர்வர் என்பதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். 2 ஜிபி ராம் உள்ள பழைய பிசி ஒன்று போதும், இரண்டாவது ரிசால்வராக. அதில் அன்பவுண்ட் என்ற வேறு ரிசால்வர் மென்பொருளைப் போடுங்கள். இரண்டும் வேறு மென்பொருளாக இருந்தால் ஒன்றில் வரும் கோளாறு பெரும்பாலும் மற்றதைப் பாதிக்காது. கீட்ராப் இரண்டையும் பாதித்தது என்பது வேறு விஷயம்: அன்பவுண்டில் 1.19.1-க்கு முந்தையவை, உபுண்டு போன்றவை திருத்தம் தைத்துத் தந்தவை தவிர, ஓட்டை உள்ளவை, ஆகவே அதையும் பார்த்தே போடுங்கள். சந்தாதாரர் லாகின் செய்யும் பிபிபிஓஇ ப்ரொஃபைலில் இரண்டாவது ரிசால்வரின் முகவரியையும் சேர்த்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். சந்தாதாரர் ரௌட்டர் மறுபடி இணையும்போதுதான் புதிய முகவரி அதற்குப் போகும். அவசரப்பட்டு அன்றைக்கே வேலையைத் தொடங்கினால் பாதிப் பேரிடம் பழைய ஒற்றை முகவரிதான் இருக்கும்.

தொடங்குமுன் இடிசி-க்குள் உள்ள பைண்ட் டைரக்டரியை அப்படியே டார் செய்து வேறு கட்டிடத்தில் உள்ள மெஷினுக்கு அனுப்புங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணித் தண்ணீர் தெருக்களுக்குள் வந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. அதே அறையில் உள்ள பென்டிரைவ் பேக்கப் ஆகாது. பிறகு 'நேம்ட்-செக்கான்ஃப்' ஓட்டுங்கள். இதை அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முன்பே பிழை இருந்தால் அது பழைய பிழை என்று தெரியும். நேம்ட் ஓடிக்கொண்டே இருக்கும்போது யாரோ திருத்தி, ரீலோட் செய்யாமல் விட்ட வரி இப்படித்தான் அகப்படும். 9.16-இலிருந்து 9.18-க்கு ஏறுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: 'டிஎன்எஸ்செக்-எனேபிள்' போன்ற பழைய ஆப்ஷன்கள் எடுக்கப்பட்டுவிட்டன. அந்த வரி இருந்தால் புதிய நேம்ட் கிளம்பவே கிளம்பாது. பேட்ச் போட்டதும் நெட் போச்சு என்ற பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு வரியால் வருவது.

'ஆப்ட் அப்டேட்', அதன்பின் பைண்ட்9 பேக்கேஜை மட்டும் இன்ஸ்டால். திருத்தம் உண்மையில் உட்கார்ந்திருப்பது பைண்ட்9-லிப்ஸ் என்ற பேக்கேஜில். அது தானாகக் கூட வரும், வந்ததா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கான்ஃபிக் ஃபைலை மாற்றவா என்று கேட்டால், உங்களுடையதையே வைத்துக்கொள்ளும் பதிலைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் பைண்ட்9-இன் சேஞ்ச்லாக்கில் 50387 என்ற எண்ணைத் தேடுங்கள். டாக் டைரக்டரியில் ஜிஜெட் ஃபைலாக இருக்கும், 'ஜெட்க்ரெப்' போதும். அந்த வரியையே ஸ்கேன் அனுப்பியவர்களுக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

இப்போதுதான் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். 'ஆர்என்டிசி ரீலோட்' செய்தால் கான்ஃபிக்கும் ஸோன்களும்தான் மறுபடி படிக்கப்படும். ஓடும் புரோகிராம் பழையதே. முழு ரீஸ்டார்ட் வேண்டும். பேக்கேஜ் தானே ரீஸ்டார்ட் செய்யும் என்றாலும் நம்பிவிடாமல் 'ஆர்என்டிசி ஸ்டேட்டஸ்' போடுங்கள். அதில் வெர்ஷனும், எப்போது கிளம்பியது என்ற நேரமும் இருக்கும்; அந்த நேரம் யூடிசி-யில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிப் படியுங்கள். நேரம் இன்று விடிகாலையாக இருக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸின் 'மேப்ஸ்' ஃபைலில் 'டெலீட்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். லிப்டிஎன்எஸ் வரியோடு அது வந்தால், டிஸ்கில் புதிய லைப்ரரி, மெமரியில் பழைய லைப்ரரி என்று அர்த்தம். டாக்கரில் ஓடும் பை-ஹோல், அன்பவுண்ட் போன்றவற்றுக்கு ஹோஸ்டில் செய்யும் ஆப்ட் அப்டேட் எதையும் செய்யாது. இமேஜை இழுத்து கன்டெய்னரைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் ஆனதும், முன்பு வாங்கிய பதில்களை வைத்திருக்கும் கேச் காலி. எல்லாப் பெயரையும் ரூட்டிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டும். முதல் சில நிமிடம் மந்தமாக இருக்கும். இரண்டாவது சர்வர் இருந்தால் வழி இருக்கிறது. வேலைக்கு முன்பே 'ஆர்என்டிசி டம்ப்டிபி' எடுத்து, அதிகம் புழங்கும் 500 பெயர்களை ஒரு ஃபைலில் வையுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும், டிஎன்எஸ் கேள்வி கேட்டுப் பார்க்கும் 'டிக்' கட்டளைக்கு அந்த ஃபைலைக் கொடுத்து ஓட்டிவிட்டு, பிறகு சந்தாதாரர்களை அந்தப் பக்கம் விடுங்கள்.

சோதனை செய்யும்போது 'டிக்'கில் சர்வர் முகவரியை 127.0.0.1 என்று குறிப்பிட மறக்காதீர்கள். விட்டால் உபுண்டுவில் கேள்வி 127.0.0.53-இல் இருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டுக்குப் போகும். அது வேறெங்கோ கேட்டு வாங்கித் தரும் நல்ல பதிலைப் பார்த்து நீங்கள் ஏமாறுவீர்கள். கையெழுத்துள்ள ஐஎஸ்சி டாட் ஆர்க்கைக் கேளுங்கள்: பதிலின் கொடிகளில் 'ஏடி' (கையெழுத்து சரி என்ற குறி) வர வேண்டும். வேண்டுமென்றே கையெழுத்துத் தவறாக வைத்திருக்கும் டிஎன்எஸ்செக்-ஃபெயில்ட் டாட் ஆர்க்கைக் கேளுங்கள்: 'சர்வ்ஃபெயில்' (பதில் தர முடியவில்லை என்ற பிழை) வர வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் வேலிடேஷன் உயிரோடு இருக்கிறது. கீட்ராப் பாக்கெட்டை நீங்களே தயாரித்து ஓடும் சர்வரில் சோதிக்கும் ஆசை வேண்டாம்.

டிஎன்எஸ்செக்கை அணைப்பது பற்றி. 'டிஎன்எஸ்செக்-வேலிடேஷன் நோ' போட்டால் கீட்ராப் வேலை செய்யாது, அது உண்மை. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது பேட்ச் ஏறும்வரை அரை மணி நேரத்துக்கு அதைச் செய்யலாம். நிரந்தரமாக விட்டால், போலிப் பதிலைக் கேச்சில் திணித்து உங்கள் சந்தாதாரரை வேறொரு பேங்க் பக்கத்துக்குத் திருப்புகிறவனுக்குக் கதவு திறந்துவிட்டதாக ஆகும். அவர்களில் பலர் ஊருக்குப் பணம் அனுப்புவதும் வாங்குவதும் இந்த லைனில்தான். இன்னொரு தவறான வைத்தியம், பெரிய பதில் டிசிபி-யில்தானே வருகிறது என்று வெளியே போகும் டிசிபி 53-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடுவது. யூடிபி-யில் 1232 பைட்டுக்கு மேல் போகும் நியாயமான பதில்களும் டிசிபி-யில்தான் வரும். மூடினால் சில தளங்கள் மட்டும் காரணம் தெரியாமல் திறக்காது.

பேட்சின் மேல் பழி விழும் இன்னொரு இடம் கடிகாரம். கையெழுத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. குற்றாலத்தில் சாரல் காற்று அடிக்கும் மாதங்களில் கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் இறங்கி, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியும் செத்திருந்தால், சர்வர் பல வருடம் பின்னே உள்ள தேதியில் எழும். உலகில் உள்ள எல்லாக் கையெழுத்தும் 'இன்னும் தொடங்கவில்லை' ஆகிவிடும், எதைக் கேட்டாலும் சர்வ்ஃபெயில். நேரத்தைத் திருத்தும் புரோகிராமான க்ரோனி டைம் சர்வரிடம் போக வேண்டும், அதற்கு டைம் சர்வரின் முகவரி தெரிய வேண்டும், முகவரிக்கு டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸுக்கு நேரம் வேண்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்கும். க்ரோனி கான்ஃபிகில் ஒரு டைம் சர்வரையாவது ஐபி எண்ணாகவே எழுதுங்கள். அந்தப் பேட்டரியையும் இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கண்காணிப்புக்கு, க்ரானில் நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்'கை இரண்டு விநாடி காலக்கெடுவோடு, ஒரே ஒரு முயற்சியாக, நான்கைந்து தடவை ஓட்டுங்கள். ஒரு த்ரெட் மட்டும் மாட்டியிருந்தால் ஒரு தடவை கேட்பதில் தெரியாமல் போகலாம் என்பதற்காகத்தான் நான்கைந்து. கேட்கும் பெயர் கேச்சில் இருப்பதாக இருக்கக் கூடாது. தவறினால் உங்களுக்கு மெசேஜ் வரட்டும். தானாக ரீஸ்டார்ட் செய்யும்படி வைக்காதீர்கள், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் கேச் காலியாகித் தொல்லை இரட்டிப்பாகும்.

9.18.28-க்கோ அதற்கு மேலோ ஏறியதும் பைண்டின் நடத்தையில் ஒரு மாற்றம் இருக்கும். ஒரு பெயருக்கு ஒரே வகையில் 100 பதிவுக்கு மேல் இருந்தால் இனி ஏற்காது. 'மேக்ஸ்-ரெக்கார்ட்ஸ்-பெர்-டைப்' என்ற புதிய வரம்பு அது. உங்கள் உள் ஸோனில் (நீங்களே வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல்) எல்லா ஓஎன்யு-வையும் (வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டி) ஒரே பெயரின் கீழ் அடுக்கி வைத்திருந்தால் அந்த ஸோன் ஏறாது. அப்படி இருந்தால் பெயர்களைப் பிரியுங்கள், வரம்பை உயர்த்தாதீர்கள். வேலைக்கு முந்தைய நாளே ஸோன் ஃபைலைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டால், விடிகாலையில் அதோடு போராட வேண்டியிருக்காது.